நடந்து வரும் பிள்ளை

எங்கள் பள்ளியில் சேரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு படிவம் உண்டு. அதில் ஒரு கேள்வி: பிள்ளை வீட்டுக்கு எப்படிப் போகும்? பேருந்து, கார், மாலைக் காப்பகம் என்று மூன்று கட்டங்கள். ஏதாவது ஒன்றில் குறி போட வேண்டும். பதினோரு வருடங்களாக அந்தப் படிவங்களை வாங்கிக் கணினியில் ஏற்றுவது என் வேலை. அந்தக் கேள்வியில் பேனாவை நிறுத்தி யோசித்த ஆளை நான் பார்த்ததே இல்லை. கெத்தின்தான் முதல் ஆள்.

ஆகஸ்ட் மாதக் கடைசி. நல்ல உயரம், செம்பட்டைத் தாடி, எங்கள் ஒஹையோ மாநில வெயிலில் வெந்து தோல் உரிந்த மூக்கு. அவர் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஒரு ஐந்து வயதுப் பெண் குழந்தை. லவ்ரி என்று பெயர்.

"மேடம், இதுல நடந்து போறதுக்குக் கட்டமே இல்லையே?"

"நடந்தா? யாரு நடக்கறது?"

"நாங்கதான். நானும் இவளும்."

கார் பழுதாகிவிட்டதோ என்று நினைத்தேன். கேட்டும் விட்டேன்.

"காரு நல்லாத்தான் இருக்கு. என் வீட்டுக்காரம்மா ஆறரை மணிக்கே வேலைக்கு எடுத்துட்டுப் போயிடறாங்க. எங்க வீடு ஒரு மைலுக்குள்ள இருக்கறதால பஸ் வராதாம். ஒரு மைல்தானே, நடந்துட்டாப் போச்சு."

"மேடம்லாம் வேண்டாம், மார்லான்னே கூப்பிடுங்க. பாதி வழிக்குத்தான் நடைபாதை இருக்கு, தெரியுமில்ல?"

"பாத்தேன். மீதிக்குப் புல்லு இருக்கு."

நான் பேனாவால் நான்காவதாக ஒரு கட்டம் வரைந்து கொடுத்தேன். அவர் அதில் குறி போட்டார். கணினியில் அப்படி ஒரு கட்டம் இல்லாததால் 'கார்' என்று போட்டுவிட்டு, கீழே 'நடந்து வரும் பிள்ளை' என்று குறிப்பு எழுதினேன். நானூற்றுப் பத்துப் பிள்ளைகளில் அந்தக் குறிப்பு அவளுக்கு மட்டும்தான்.

அவர்கள் வேல்ஸ் நாட்டின் வடக்கிலிருந்து வந்தவர்கள். பெதெஸ்தா என்று மலையடிவாரத்தில் ஒரு ஊர். கெத்தின் அங்கே பதினான்கு வருடம் பேருந்து ஓட்டியிருக்கிறார். மனைவி நெரிஸ் ஒரு பெயின்ட் நிறுவனத்தில் ரசாயன நிபுணர். அந்த நிறுவனம் அவளை மூன்று வருடத்துக்கு இங்கே அனுப்பியது. அவள் சம்பளம் பெரியது, வாய்ப்பும் பெரியது. கெத்தின் வேலையை விட்டுவிட்டுக் கூட வந்துவிட்டார்.

வீட்டில் அவர்கள் பேசுவது வெல்ஷ் மொழி. லவ்ரிக்கு இங்கிலீஷ் புரியும். தொலைக்காட்சி பார்த்தே பாதி கற்றுக்கொண்டிருந்தாள். ஆனால் பள்ளியில் அவள் வாயைத் திறக்கவில்லை. முதல் வாரம் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதம் போயிற்று. அவள் ஆசிரியை மிஸ் ஹோலப் பொறுமைசாலி. "சொல்றதெல்லாம் செய்யறா மார்லா. படம் வரையறா, வரிசையில நிக்கறா, சிரிக்கக்கூடச் செய்யறா. ஒரு வார்த்தை வரல" என்றாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவர் வந்து பார்த்தார். காது நன்றாகக் கேட்கிறது, புத்தி நன்றாக இருக்கிறது, பயமுறுத்தாமல் விடுங்கள் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மாலை மூன்று பத்துக்குக் கார்கள் எல்லாம் வரிசை கட்டி நிற்கும். நடந்து வரும் பிள்ளைக்கு வரிசை கிடையாது என்பதால் லவ்ரி என் அலுவலக பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். கெத்தின் கதவைத் திறந்ததும் அதுவரை அடைத்து வைத்ததெல்லாம் கொட்டும். வெல்ஷ் மொழியில் மூச்சு விடாமல் பேசுவாள். எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் அந்த இரண்டு நிமிஷமும் நான் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டுக் கேட்பேன்.

அந்த மாதங்கள் அவருக்கு எப்படிப் போயின என்பதைக் கெத்தின் பிற்பாடுதான் என்னிடம் சொன்னார். பேருந்து ஓட்டியபோது இறங்குகிற ஒவ்வொருவரும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு இறங்குவார்களாம். ஒரு நாளைக்கு இருநூறு முறை. பாதிப் பேருடைய மூட்டுவலியும் மருமகள் சண்டையும் அவருக்கு அத்துப்படி. இங்கே தெருவில் காலையில் கராஜ் கதவு திறக்கும், கார் வெளியே போகும், கதவு மூடும். சாயங்காலம் கதவு திறக்கும், கார் உள்ளே போகும், கதவு மூடும். மனித முகம் தெரியாது. வேலை செய்ய அனுமதிச் சீட்டும் வந்து சேரவில்லை. "நடக்கறப்ப நாலஞ்சு பேரு காரை நிறுத்தி, 'என்னாச்சு, உதவி வேணுமா'ன்னு கேப்பாங்க. 'ஒண்ணுமில்ல, நடக்கறோம்'பேன். அன்னைக்கு நான் பேசின பேச்சு அவ்வளவுதான்" என்றார்.

அக்டோபரில் ஒரு நாள் நல்ல மழை. லவ்ரி வகுப்பில் வரைந்த படம் நனைந்து, வண்ணம் ஒழுகி, கிழிந்தே போய்விட்டது. அவள் நடுவழியில் நின்று கத்தி அழுதாள். கெத்தின் அவளைத் தூக்கிக்கொண்டு வேகமாக நடந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்த யாரோ போலீசுக்குப் போன் செய்துவிட்டார்கள். தாடிக்காரன் ஒருவன் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறான், குழந்தை ஏதோ புரியாத பாஷையில் அலறுகிறது என்று.

வந்த போலீஸ்காரர் இளைஞர், மரியாதையாகத்தான் பேசினார். அடையாள அட்டை பார்த்தார். குழந்தையிடம், "இவரு யாரு பாப்பா?" என்று கேட்டார். லவ்ரி பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டார். அவள் அப்பாவின் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கடைசியில் நெரிஸை அலுவலகத்தில் பிடித்துப் பேசி, படம் அனுப்பி, எல்லாம் சரியென்று ஆக அரை மணி நேரம் ஆயிற்று. வீட்டுக்கு வந்து ஈரக் கோட்டோடு மாடிப்படியில் உட்கார்ந்த கெத்தின் நெரிஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

மறுநாள் கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பெண்மணி வந்தாள். அறுபது வயதிருக்கும். கையில் பூசணி ரொட்டி. வெளியே இன்னும் தூறல்.

"எம் பேரு பெவ். மூணு வீடு தள்ளி இருக்கேன். நேத்து போலீசுக்குப் போன் பண்ணது நான்தான்."

கெத்தின் கதவை அகலத் திறந்தார். "உள்ள வாங்க. மழையில நிக்காதீங்க, யாராவது போலீசக் கூப்பிட்டுடப் போறாங்க."

பெவ் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் அழ ஆரம்பித்துவிட்டாள். தேநீர் போட்டுக் கொடுத்ததும் அவளுடைய கதை வந்தது. கணவர் டுவெய்ன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஏப்ரலில் மூளையில் ரத்தக்குழாய் அடைத்து விழுந்தார். கை கால் ஓரளவு திரும்பிவிட்டது. பேச்சு மட்டும் திரும்பவில்லை.

"மனசுல எல்லாம் தெளிவா இருக்கு அவருக்கு. வாயில வேற வருது. காபி வேணும்னாலும் 'லாரி'ம்பாரு, சட்டை வேணும்னாலும் 'லாரி'ம்பாரு. கெட்ட வார்த்தை மட்டும் சுத்தமா வருது, அதுக்கு ஒரு குறைச்சலும் இல்ல. பழைய சிநேகிதங்க ரெண்டு பேரு பாக்க வந்தாங்க. இவரு வாயத் திறந்ததும் அவங்க தரையப் பாத்தாங்க. அவ்வளவுதான். நட, நடன்னு டாக்டர் சொல்றாரு. இவரு வாசப்படி தாண்ட மாட்டேங்கறாரு. நான் நாள் பூரா ஜன்னல்லயே நிக்கறேன். அதான் நேத்து பாத்தேன், மழையில நீங்கதான்னு தெரியல."

மறுநாள் இரண்டரை மணிக்குக் கெத்தின் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டினார். டுவெய்ன் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"எனக்கு ஒரு உதவி பண்ணணும்ங்க. தனியா நடந்தா என்னைப் போலீசு பிடிக்குது. கூட ஒரு உள்ளூர் முகம் இருந்தா எனக்குத் தைரியமா இருக்கும்."

டுவெய்ன் சுத்தமான ஒரு கெட்ட வார்த்தை சொன்னார்.

"அது புரிஞ்சுது. கோட்டு எங்க மாட்டியிருக்கீங்க?"

அன்றைக்கு இரண்டாவது தபால் பெட்டிவரை வந்தார். அதற்கே கால் மணி நேரம். மறுநாள் அவரே கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றதாகப் பெவ் சொன்னாள். நவம்பர் கடைசியில் பாதி வழியில் இருக்கும் ஓடைப் பாலம்வரை வந்துவிட்டார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் பள்ளி வரைக்கும். உள்ளே மட்டும் வரமாட்டார். வாகனம் நிறுத்துமிடத்துக்கு அப்பால் ஒரு மேப்பிள் மரத்தடியில் நிற்பார். தொப்பி போட்ட ஒரு கனத்த உருவமாக என் ஜன்னலிலிருந்து தெரிவார். யாரோ ஒருவர் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அவருக்கும் லவ்ரிக்கும் சந்தித்த முதல் நாளே ஒத்துப்போய்விட்டது. அவள் வெல்ஷில் பேசுவாள், அவர் "லாரி" என்பார். இரண்டு பேரும் அதைக் குறையாக நினைக்கவில்லை. வார்த்தை சிக்கும்போது அவர் கையால் செய்து காட்டுவார், அவள் ஊகித்துச் சொல்வாள். ஊகம் தப்பானால் டுவெய்ன் தலையில் அடித்துக்கொள்வார், அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். போகிற வழியில் தபால் பெட்டிகளை வெல்ஷில் எண்ணிக்கொண்டே போவது அவள் பழக்கம். ஈன், டை, ட்ரீ, பெட்வர், பிம்ப். ஒரு நாள் ஆறாவது பெட்டியில் அவள் நின்று மூக்கைச் சிந்தினாள். டுவெய்ன் தானாக "ஹ்வேஹ்" என்றார். ஆறு. அப்படியே ஏழு, எட்டு என்று பத்துவரை போனார். ஒன்றும் தப்பில்லை. கெத்தின் ரோட்டோரத்திலேயே நின்றுவிட்டார்.

"வீட்டுல பாலு வேணும்னு கேக்கத் தெரியல. வெல்ஷ்ல பத்து வரைக்கும் எண்றாரு. நான் எந்தச் செவுத்துல போயி முட்டிக்கறது!" என்று பெவ் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். இன்றைக்கும் அதைச் சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

ஜனவரி பதினேழாம் தேதி. முதல் நாள் பெய்த பனி இரவில் இறுகிக் கண்ணாடியாகிவிட்டது. மூன்று பத்துக்குக் கார்கள் வந்தன, போயின. லவ்ரி கோட்டு, தொப்பி, கையுறை எல்லாம் போட்டுக்கொண்டு பெஞ்சில் காத்திருந்தாள். மூன்றே கால் ஆயிற்று. மூன்று இருபத்தைந்து. கெத்தினின் கைபேசிக்கு அடித்தேன், போகவில்லை. அவர் ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை.

எங்கள் பள்ளி வாசல் எப்போதும் பூட்டியே இருக்கும். வருகிறவர் பொத்தானை அழுத்தி, பெயரும் வந்த காரணமும் சொன்னால் நான் உள்ளிருந்து திறப்பேன். மணி அடித்தது. திரையைப் பார்த்தேன். கோட்டு இல்லாமல், வெறும் சட்டையோடு ஒரு பெரிய ஆள். முழங்கால் எல்லாம் பனிச்சேறு. மூச்சு புகையாக வருகிறது.

"பேரு சொல்லுங்க. யாரப் பாக்கணும்?"

"லாரி" என்றார். "லாரி. லாரி!"

"உங்க பேரு என்ன சார்?"

அவர் கதவில் கையால் அடித்தார். பிறகு அந்தக் கெட்ட வார்த்தை. ஒரு முறை அல்ல, நாலைந்து முறை, உச்சக் குரலில். எங்கள் தலைமை ஆசிரியர் காபிக் கோப்பையோடு அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். "குடிச்சிருக்கானா?" என்றார். நான் போலீசுக்கு அடிக்கத் தொலைபேசியை எடுத்துவிட்டேன். அதை இன்று நினைத்தாலும் எனக்குக் கூசுகிறது.

என் மேஜைக்குப் பின்பக்கம் பிள்ளைகள் வரக்கூடாது. லவ்ரி வந்து நின்றாள். திரையைப் பார்த்தாள். என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"அது டுவெய்ன்."

சின்னக் குரல், கொஞ்சம் கரகரப்பாக. இங்கிலீஷில். எனக்கு முதலில் யார் பேசுகிறார்கள் என்றே பிடிபடவில்லை.

"என்னம்மா சொன்ன?"

"அது டுவெய்ன். நல்லவரு. அவருக்கு வார்த்தை கிடைக்கல, தேடிக்கிட்டிருக்காரு. கதவத் திறங்க."

திறந்தேன். டுவெய்ன் உள்ளே வந்ததும் அவள் ஓடிப் போய் அவர் எதிரே நின்றாள். அவர் என்னைப் பார்க்கவில்லை, தலைமை ஆசிரியரைப் பார்க்கவில்லை. அவளைப் பார்த்து, ஒரு கையை நிமிர்த்திப் பிடித்தார். அந்தக் கை சட்டென்று சாய்ந்து விழுந்தது. பிறகு தன் கணுக்காலைத் தொட்டு, இரண்டு கையாலும் ஒரு குச்சியை முறிப்பதுபோலக் காட்டினார். பிறகு ஒரு வளைவு. லவ்ரி இரண்டே விநாடி யோசித்தாள். எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அப்பா விழுந்துட்டாரு. பாலத்துக்கிட்ட. காலு உடைஞ்சு போச்சு. சீக்கிரம் போங்க."

உடற்பயிற்சி ஆசிரியரும் நானும் காரில் போனோம். ஆம்புலன்ஸ் எங்களுக்குப் பின்னாலேயே வந்தது. பாலத்தின் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து கெத்தின் உட்கார்ந்திருந்தார். முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. கைபேசி ஓடையில் விழுந்துவிட்டது. அந்த அரை மணி நேரத்தில் கடந்துபோன இரண்டு கார்களும் தாழ்வாக உட்கார்ந்திருந்தவரைக் கவனிக்கவில்லை. அவர் மேல் டுவெய்னின் கோட்டு போர்த்தியிருந்தது.

"லவ்ரி?" என்றார் முதல் வார்த்தையாக.

"பத்திரமா இருக்கா. டுவெய்ன் கூட. நீங்க இங்க இருக்கீங்கன்னு அவதான் சொன்னா."

"யாருகிட்ட சொன்னா?"

"என்கிட்ட. தலைமை ஆசிரியர்கிட்ட. இங்கிலீஷ்ல."

அவருக்குக் கண்ணீர் வழிந்தது. ஆம்புலன்ஸ்காரர் வலியென்று நினைத்து ஊசியைத் தயார் செய்தார்.

முப்பது மைல் பனியில் ஓட்டிக்கொண்டு நெரிஸ் மருத்துவமனைக்கு வந்தாள். அவளை நான் அதற்கு முன் நேரில் பார்த்ததில்லை. ஒல்லியான, வேகமாகப் பேசுகிற பெண். கணுக்காலில் இரண்டு எலும்பு முறிவு, நாளை அறுவை சிகிச்சை என்றதைக் கேட்டுத் தலையாட்டினாள். பிறகு என்னைத் தாழ்வாரத்துக்கு அழைத்துப் போனாள்.

"என்ன சொன்னா? அவ சொன்னபடியே சொல்லுங்க."

சொன்னேன்.

"இன்னொரு வாட்டி சொல்லுங்க."

சொன்னேன். அவள் சுவரில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "ராஜினாமாக் கடிதம் எழுதி வெச்சிருக்கேன், டிசம்பர்லேர்ந்து. இவருக்குத் தெரியாது. இவரு வாயத் திறந்து ஒரு நாள் குறை சொன்னதில்ல. குறை சொல்லியிருந்தா சண்டையாவது போட்டிருப்பேன். ரெண்டு பேரையும் ஊமையாக்கி இங்க கொண்டாந்து உக்கார வெச்சுட்டேனேன்னு காரு ஓட்டறப்பல்லாம் அழுவேன்."

"இவரா ஊமை? எங்க ஆபீசுல எல்லாருடைய முதுகு வலியும் இவருக்குத் தெரியும்" என்றேன். அவள் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று நான் கேட்டதில்லை. மூன்று வருடம் முடிந்தும் அவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள். லவ்ரி இப்போது மூன்றாம் வகுப்பு.

மறு வாரம் நெரிஸ் ஒரு காலை விடுப்பு எடுத்து லவ்ரியோடு வந்தாள். பிள்ளையை அழைத்துப் போக அனுமதி உள்ளவர்கள் பட்டியலில் டுவெய்ன் கோசிக் என்று சேர்க்க வேண்டும். கெத்தின் கட்டுப் போட்டுப் படுத்திருந்த எட்டு வாரமும் அவரும் பெவ்வும்தான் அவளை நடத்தி அழைத்துப் போனார்கள்.

"உறவுன்னு ஒரு இடம் இருக்கு. என்ன போடட்டும்? பக்கத்து வீடா, நண்பரா?" என்று கேட்டேன்.

நெரிஸ் யோசித்தாள். லவ்ரி மேஜை விளிம்பைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு, "எங்க டுவெய்ன்" என்றாள். நான் அப்படியே எழுதினேன்.

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. பிப்ரவரியில் மிஸ் ஹோலப் வீட்டுக்குச் சீட்டு எழுதி அனுப்பினாள்: லவ்ரி பாட நேரத்தில் அதிகம் பேசுகிறாள், தயவுசெய்து கவனிக்கவும். கெத்தின் அந்தச் சீட்டைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்தார்.

ஏப்ரல் நடுவில் அவர் மறுபடி பள்ளிக்கு நடந்து வந்தார். கொஞ்சம் விந்தி, கையில் தடியோடு. டுவெய்ன் கூட வந்தார். இப்போதெல்லாம் மரத்தடியில் நிற்பதில்லை, உள்ளே வந்து என் மேஜையில் இருக்கும் மிட்டாயை எடுத்துக்கொள்வார். எதற்கெடுத்தாலும் லாரி என்பது குறைந்திருந்தது. பத்தில் மூன்று வார்த்தை சரியாக வந்தது. நான்காவதை நாங்கள் காத்திருந்து வாங்கிக்கொள்வோம்.

லவ்ரி பெஞ்சிலிருந்து குதித்து ஓடினாள். வகுப்பில் வளர்க்கும் வெள்ளெலி கூண்டை விட்டு ஓடிப் போய், இசை வகுப்புப் பியானோவுக்குள் அகப்பட்ட கதை. மூச்சு விடாமல் கொட்டினாள். கெத்தின் வெல்ஷில் ஏதோ கேட்டார். அவள் பதில் சொல்லிக்கொண்டே போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதை முழுவதும் எனக்குப் புரிகிறது. அவள் அப்பாவிடம் இங்கிலீஷில் பேசுகிறாள்.

"அட, இன்னைக்கு எனக்கும் புரியுதே!" என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன்.

கெத்தின் சிரித்தார். "ஒரு வாரமா இப்படித்தான் மார்லா. வீட்டுலயும். நான் வெல்ஷ்ல கேக்கறேன், அவ இதுல சொல்றா." தடியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நாலு மாசம், ஒரே ஒரு வார்த்தை இங்கிலீஷ் பேசிடு கண்ணுன்னு கெஞ்சாத குறை. அது நடந்துடுச்சு. இப்ப போயி நான் என்னத்தச் சொல்ல? போன்ல எங்கக்கா கேக்கறா, புள்ளைக்கு வெல்ஷ் மறந்துடுச்சான்னு. இல்லன்னேன். இல்லதானே?"

நான் மிட்டாயை அவர் பக்கம் நகர்த்தினேன்.

வெள்ளெலிக் கதை இன்னும் முடியவில்லை. வேகம் கூடிக்கொண்டே போனது. டுவெய்ன் குனிந்து காதைக் கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். வேகமான பேச்சு அவருக்குப் பிடிபடாது. நெற்றி சுருங்கியது. வாயைத் திறந்து ஒரு வார்த்தையைத் தேடினார், கிடைக்கவில்லை. மறுபடி தேடினார்.

"அராவ்" என்றார்.

வெல்ஷில் மெதுவாக என்று அர்த்தம். கெத்தினின் ஊர்ச் சாலைகளில் வளைவுக்கு வளைவு அதை வெள்ளை எழுத்தில் எழுதியிருக்குமாம். பனியில் நடந்த நாட்களில் கெத்தின் அவரிடம் சொல்லிச் சொல்லி வந்திருக்கிறார்.

லவ்ரி நிறுத்தினாள். டுவெய்னைப் பார்த்தாள். பிறகு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல, ஒவ்வொரு வார்த்தையாக, வெள்ளெலி தப்பித்த இடத்திலிருந்து வெல்ஷில் ஆரம்பித்தாள். அவருக்கு எண்களைத் தவிர அந்தப் பாஷையில் பத்து வார்த்தைகூடத் தெரியாது. இருந்தும் தலையாட்டிக் கேட்டார். நடுவில் அவளுக்கு ஒரு வார்த்தை சிக்கியது. பியானோ உள்ளே இருக்கும் கம்பிக்கு வெல்ஷில் என்ன என்று தெரியவில்லை போலும். அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

கெத்தின் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தார். அவள் அதை வாங்கிக்கொண்டு மேலே சொல்லிக்கொண்டு போனாள். மூவரும் அப்படியே கதவைத் தாண்டி வெளியே நடந்தார்கள்.